நகர வளர்ச்சியும் கட்டிடக்கலை நிறுவனமும்

வீடு கட்ட விரும்பும் ஒருவர் கட்டிடக்கலை நிறுவனத்தை நாடும்பொழுது, அறைகளின் வசதியும் முகப்பின் அழகுமே அவர் கருத்தில் முதலிடம் பெறுகின்றன. ஆயினும் ஒவ்வொரு கட்டிடமும் நகரத்தின் ஓர் உறுப்பாகும். அதற்கென வரையப்படும் படம் அண்டை வீட்டாரின் நலத்தையும் பாதிக்கிறது. இவ்வுண்மைக்குத் திருப்பதி நகரம் தக்க சான்றாகும்.

திருப்பதிக்கு வடக்கே சேஷாசல மலை உயர்ந்து நிற்கிறது. தெற்கே சுவர்ணமுகி ஆறு ஓடுகிறது. மலையில் பெய்யும் மழைநீர், இடையிலுள்ள சரிவில் ஓடைகள் வழியே இறங்கி, ஏரிகளில் தங்கி, எஞ்சியது ஆற்றை அடைவதே இயற்கை முறை. கோவிந்தராஜர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊர், யாத்திரிகர் தொகை பெருகப் பெருக இச்சரிவில் பரவிற்று. 2021 நவம்பரில் பெருமழை பெய்தபொழுது தெருக்களே ஓடைகளாயின, மலைப்பாதைகள் மூடப்பட்டன. நீவா நதிக்கரையில் அமைந்த சித்தூருக்கும் இப்படிப்பினை பொருந்தும்.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 200 சதுர மீட்டர் பரப்புள்ள மனையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், 20,000 லிட்டர் நீர் விழுகிறது. திறந்த மண் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். கூரையும் சிமெண்டுத் தளமும் பெரும்பகுதியை உடனே தெருவிற்குத் தள்ளிவிடும். இத்தகைய மனைகள் ஆயிரம் சேர்ந்தால், அவற்றில் விழும் நீர் 2 கோடி லிட்டராகும்.

ஆதலின் நிறுவனத்தின் முதற் பணி, மனையின் மேடு பள்ளங்களை அளந்து நீரோட்டத்தின் திசையை அறிதலாகும். ஓடை குறுக்கிடின் அதனை அடைக்காது வழிவிடுதல் வேண்டும். தன் மனையை மட்டும் மண்ணிட்டு உயர்த்தினால் வெள்ளம் அண்டை வீட்டில் புகும் என்பதைக் கட்டுவோருக்கு எடுத்துரைத்தலும் நிறுவனத்தின் கடமையே. கூரை நீரை மண்ணுள் செலுத்தும் குழியும், தளமிடாத திறந்த நிலமும் படத்திலேயே இடம்பெறுதல் நன்று.

1972ஆம் ஆண்டின் கட்டிடக்கலைஞர் சட்டம் இத்தொழிலினருக்குப் பதிவு முறையை ஏற்படுத்தியது. ஆந்திர மாநிலத்தின் 2002ஆம் ஆண்டு நீர், நிலம், மரங்கள் சட்டம் மழைநீர்ச் சேகரிப்பை வலியுறுத்துகிறது. கட்டிட அனுமதியளிக்கும் அதிகாரிகள் படத்தைச் சோதிக்கலாம். ஆனால் முதற்கோட்டை இடுபவர் கட்டிடக்கலைஞரே. மறைந்துபோன ஓடையைத் தனியொரு நிறுவனம் மீட்டல் அரிது. அதற்கு நகரத்தின் பெருந்திட்டம் வேண்டும். எஞ்சியுள்ள ஓடையைக் காத்தலோ ஒவ்வொரு படத்திலும் இயலும். காகிதத்தில் ஒரு கோட்டை மாற்றுவது எளிது. கட்டி முடித்த சுவரை மாற்றுவது அரிது.