வெப்பங்காட்டியும் உணரியும்

பழைய டிராக்டரின் முகப்பிலுள்ள மின் வெப்பங்காட்டி எஞ்சினின் வெப்பத்தைத் தானே அளப்பதில்லை. எஞ்சினின் நீரில் முனை தோய நிற்கும் சிறு திருகு ஒன்றே அதனை உணர்கிறது. மெக்கானிக்குகள் அதைச் 'சென்சார்' என்பர். நாம் உணரி என்போம். அதனுள் இருப்பது தெர்மிஸ்டர். நீர் சூடேறச் சூடேற அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் மிகும், முள் ஏறும். ஆகவே முள் காட்டுவது மின்னோட்டத்தையே. முகப்பில் எழுதிய பாகை, குறிப்பிட்ட ஓர் உணரியை நம்பி எழுதப்பட்டதாகும்.

காட்டியை ஒரு கடையிலும் உணரியை மற்றொரு கடையிலும் வாங்கி, மரை பொருந்தினால் போதும் என்று மாட்டிவிடுவோர் உண்டு. மரை பொருந்துவது வேறு. மின்தடை பொருந்துவது வேறு. காட்டி எதிர்பார்ப்பதைவிட உணரியின் தடை மிகுந்திருந்தால் முள் குறைத்துக் காட்டும். எஞ்சின் கொதிக்கும், உழவரோ முள்ளை நம்பி ஓட்டுவார். கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். விதைப்புக் காலத்தில் இது நேர்ந்தால் ஒரு பருவமே வீணாகும்.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. பெங்களூரில் உதிரிபாகம் ஜே.சி. ரோட்டிலும், மல்டிமீட்டரும் ரெசிஸ்டர்களும் எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்கும்.

முதலாவது, உணரியின் முனையை மட்டும் நீரில் தொங்கவிட்டு நீரைச் சூடாக்குக. அருகே ஒரு வெப்பமானி இருக்கட்டும். 40, 60, 80 பாகைகளிலும் கொதிநிலையிலும் தடையைக் குறித்துக்கொள்க. பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கு நீர் சுமார் 97 பாகையிலேயே கொதிக்கும். கொதித்தால் 100 என்று கொள்வது மூன்று பாகைப் பிழையாகும்.

இரண்டாவது, உணரிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றி, அதற்கும் வண்டியின் இரும்பு உடலுக்கும் இடையே தெரிந்த அளவுள்ள ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக இணைத்து, முள் நிற்கும் இடத்தைக் குறிக்க. இரு பட்டியல்களும் ஒத்தால் பொருத்தம் சரி.

ஒவ்வாவிட்டால் காட்டிக்குரிய உணரியையே தேடுவது நலம். கிடைக்கும்வரை ஒரு வழி உண்டு. எடுத்துக்காட்டாக, 97 பாகையில் உணரியின் தடை 60 ஓம். முள் அவ்விடத்தில் நிற்க வேண்டுவதோ 40 ஓம் எனக் கொள்வோம். உணரிக்குப் பக்க இணைப்பாக 120 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தால் மொத்தத் தடை 40 ஓம் ஆகும். முள் மிகுத்துக் காட்டினால் ரெசிஸ்டரைத் தொடர் இணைப்பாகச் சேர்க்க வேண்டும். இத்திருத்தம் ஓரிடத்தில்தான் சரியாக இருக்கும். எனவே அபாய எல்லையை ஒட்டிய இடத்தையே தேர்ந்துகொள்க. பக்க இணைப்பில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் முள் சற்று ஏறியே நிற்கும். அதனால் கேடில்லை.

உணரியின் மரையில் டேப்பை மிகுதியாகச் சுற்றலாகாது. மின்னோட்டம் அம்மரை வழியாகவே எஞ்சினின் உடலைச் சேர்கிறது. அவ்வழி தடைப்பட்டாலும் முள் குறைத்தே காட்டும்.

குறித்த அளவுகளை ஓர் அட்டையில் எழுதி வண்டியின் கருவிப்பெட்டியில் வைத்துவிடுக. அடுத்த முறை உணரி மாற்றுபவருக்கு அது வழிகாட்டும்.