பழைய ஆயில் என்ஜின் வாங்குகிறீர்களா? கிராங்க் கேஸை முதலில் பாருங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய் நீர் மடைக்குக் கீழே போன பிறகு, நெற்பயிருக்குக் கடைசித் தண்ணீர் இறைக்கவும், முண்டு மிளகாய்க்கு உயிர்த் தண்ணீர் பாய்ச்சவும் ஆயில் என்ஜின் தேவைப்படுகிறது. புது என்ஜின் வாங்க வசதியில்லாத விவசாயிகள் பழையதை வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். பிஸ்டன், லைனர், பேரிங் போன்றவை தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். இவற்றைத் தாங்கும் கிராங்க் கேஸ் கெட்டிருந்தால் செலவிட்ட பணம் முழுவதும் வீணாகும்.

இங்கிலாந்தின் லிஸ்டர் என்ஜினைப் பின்பற்றி ராஜ்கோட்டில் செய்யப்பட்ட, 6 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் என்ஜின்கள் பழைய சந்தைக்கு வருகின்றன. இவற்றின் கிராங்க் கேஸ் கனமான வார்ப்பிரும்பு. பல கை மாறியவற்றில் வெல்டிங், புஷ், பெரிய ஸ்டட் என்று ஏதாவது ஒரு மாற்றம் இருக்கும். மாற்றம் செய்தது என்பதற்காகவே தள்ளிவிட வேண்டாம். எந்த இடத்தில், எப்படிச் செய்தார்கள் என்பதே முக்கியம்.

விரிசல் சோதனை

புதுப் பெயிண்ட் அடித்த என்ஜினில் சந்தேகமான இடங்களைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்கட்டித் தூள் பூசவும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும்.

எந்த ஒட்டு தாங்கும்?

பக்கவாட்டு மூடியின் ஓரத்தில் உள்ள சிறு ஒட்டு, எண்ணெய் கசியாவிட்டால் பாதகமில்லை. அஸ்திவார போல்ட் மாட்டும் கால் உடைந்து ஒட்டியிருந்தால் எச்சரிக்கை தேவை. வார்ப்பிரும்பைச் சூடேற்றி, உரிய ராடு கொண்டு ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். சாதாரண இரும்பு ராடால் அவசரமாக ஒட்டியது ஒட்டின் ஓரத்திலேயே மீண்டும் வெடிக்கும். பேரிங் ஹவுசிங் உட்காரும் துவாரத்திலோ, சிலிண்டர் ஸ்டட்டின் அடியிலோ விரிசல் இருந்தால் அந்த என்ஜின் வேண்டாம். ஓடும்போது அங்கே உடைந்தால் பிளைவீல் கழன்று ஆள் சேதம் ஏற்படலாம்.

துவாரமும் தளமும்

பேரிங் ஹவுசிங்கை போல்ட் போடாமல் அதன் துவாரத்தில் கையால் பொருத்தி ஆட்டிப் பார்க்கவும். ஆடினால் துவாரம் தேய்ந்துள்ளது. தகடு சுற்றி இறுக்குவது தீர்வாகாது. நல்ல லேத் பட்டறையில் இரு பக்கத் துவாரங்களையும் ஒரே நேர்கோட்டில் கடைந்து புஷ் போட வேண்டும். பிஸ்டன் மாட்டுமுன் கிராங்க் ஷாப்டை மட்டும் பூட்டிக் கையால் சுற்றவும். போல்ட்டை இறுக்கியதும் சுற்றக் கடினமானால் காரணம் கண்டுபிடிக்காமல் மேலே போகக்கூடாது.

பழைய பிஸ்டனைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் உரசல் இருந்தால், கனெக்டிங் ராடு வளைந்திருக்கும் அல்லது சிலிண்டர் உட்காரும் தளம் சாய்ந்திருக்கும். அந்தத் தளத்தின்மேல் நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளியை பீலர் கேஜால் அளந்தால் தளம் கோணியிருப்பது தெரியும்.

கடற்கரையில் கவனம்

பாம்பன், மண்டபம் பகுதிகளில் படகில் ஓடிய என்ஜின்களும் விலைக்கு வரும். உப்புநீர் பட்ட அலுமினிய கிராங்க் கேஸில் வெண்பொடி பூத்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். குழிகள் ஆழமாக இருந்தாலோ, ஸ்டட் மரைகள் உதிர்ந்தாலோ வாங்க வேண்டாம்.

முன்பணம் கொடுக்குமுன் பக்க மூடியைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி, பயிர் வாடும் நேரத்தில் என்ஜின் நின்றுபோகும் நஷ்டத்தைவிட மிகக் குறைவு.