முதலில் மூப்படைவது எது?

பாட்டியின் தலை நரைப்பதையும் முகத்தில் சுருக்கம் விழுவதையும் நாம் கண்ணால் காண்கிறோம். உடலுக்குள்ளே மறைந்திருக்கும் சுரப்பிகளுக்கும் முதுமை உண்டா? உண்டெனில் அது முதலில் எங்கே தொடங்குகிறது? இவ்வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகளுக்குத் துணை நின்றது ஆய்வுக்கூடத்து வெள்ளை எலி. அதன் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளே. ஆகவே அதன் பிறப்பு முதல் முதுமை வரை யாவற்றையும் ஆய்வாளர் கண்ணெதிரே காணமுடியும்.

மூன்று உறுப்புகள்

பெண் எலியின் இனப்பெருக்கத்தை மூன்று உறுப்புகள் கூடி நடத்துகின்றன. அவை மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், அதன்கீழ் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, வயிற்றிலுள்ள இரு அண்டகங்கள் ஆகியன. ஹைப்போதலாமஸ் அனுப்பும் இரசாயனத் தூது பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்னும் ஹார்மோன்கள் இரத்தத்தின் வழியே அண்டகத்தை அடைந்து, அங்குள்ள நுண்பைகளில் முட்டையை முதிர்ச்சியடையச் செய்து வெளிவிடுகின்றன. அண்டகமோ ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரந்து மூளைக்குப் பதில் அனுப்புகிறது. இளம் எலியில் இச்சுழற்சி நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காக நடைபெறும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங், ஈவான்ஸ் இருவரும் 1922-ஆம் ஆண்டிலேயே இதனை விரிவாக எழுதினர்.

முதுமையில் நிகழ்வது

ஏறத்தாழ ஒரு வயதில் இவ்வொழுங்கு குலைகிறது. நுண்பைகள் வளர்கின்றன, ஆனால் எல்.எச். உரிய வேளையில் பெருக்கெடுக்காததால் முட்டை வெளிவருவதில்லை. வயது மேலும் ஏறும்போது அண்டகங்கள் சுருங்கி ஓய்ந்துவிடுகின்றன. புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மிகுவதும், பிட்யூட்டரியில் கட்டி தோன்றுவதும் உண்டு.

காரணம் யாது?

அண்டகம் மூப்படைந்ததே காரணம் என்றுதான் எவருக்கும் தோன்றும். 1972-இல் பெங், ஹுவாங் என்னும் ஆய்வாளர்கள் முதிய எலியின் அண்டகத்தை இளம் எலியின் உடலில் பதித்துப் பார்த்தனர். என்ன வியப்பு! ஓய்ந்திருந்த அண்டகம் மீண்டும் வேலை செய்தது. இளம் அண்டகத்தை முதிய எலியில் பதித்தபோதோ அவ்வளவு பலன் கிட்டவில்லை. முதிய பிட்யூட்டரியும் இளம் மூளையின் கீழ் வைக்கப்பட்டபோது சில எலிகளில் பணியாற்றியது.

அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் மைட்ஸின் குழுவினர் முதிய எலியின் ஹைப்போதலாமஸை மின்சாரத்தால் தூண்டி முட்டை வெளிவரச் செய்ததை 1969-இல் வெளியிட்டனர். 1973-இல் எல்-டோப்பா போன்ற, மூளையில் செயல்படும் மருந்துகளால் சுழற்சியையே மீட்டுக் காட்டினர். ஆகவே எலியில் முதலில் தளர்வது அண்டகமன்று. தூது அனுப்பும் ஹைப்போதலாமஸே பெரிதும் காரணம் எனத் தெளிவாயிற்று.

மனிதரில் எப்படி?

எலிக்குப் பொருந்துவது எல்லா உயிருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. சுண்டெலியிலேயே அண்டகத்தின் பங்கும் கணிசமானது. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் அண்டகங்களில் பத்து லட்சத்துக்குக் குறையாத முட்டைக் கருக்கள் இருக்கின்றன. வாழ்நாளில் அவற்றுள் வெளிவருபவை ஏறக்குறைய 400 மட்டுமே. மற்றவை தாமே அழிகின்றன. சுமார் ஐம்பது வயதில் இச்சேமிப்பு தீர்ந்து மாதவிடாய் நின்றுவிடுகிறது. பிட்யூட்டரியோ அப்போதும் ஓய்வதில்லை. அண்டகத்திலிருந்து பதில் வராததால் எஃப்.எஸ்.எச்.-ஐ முன்னிலும் மிகுதியாகச் சுரக்கிறது. எலியில் தூதனுப்புபவர் தளர்ந்துபோகிறார். பெண்ணிலோ தூது தவறாமல் வருகிறது, ஏற்பவர்தாம் இல்லை!

தோழியரே, இப்பருவத்தில் நம் அன்னையர்க்குத் திடீரென உடல் கொதிப்பதும், வியர்ப்பதும், உறக்கம் கெடுவதும், மனம் சோர்வதும் உண்டு. “அம்மா ஏன் எரிந்து விழுகிறார்?” என்று முணுமுணுக்கும் முன் அவர் உடலுக்குள் நிகழும் பெருமாற்றத்தை எண்ணிப் பாருங்கள். அவர் சொல்லாமலே வீட்டு வேலைகளில் ஒன்றிரண்டை நாமே ஏற்றுக்கொள்வோம்; துன்பம் மிகுந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வகுப்பறையில் கற்ற பாடம் வீட்டில் பயன்படட்டும்.