ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையும் கொழுக்கட்டைப் புல்லும்

பாலைவனம் என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணலையே நாம் மனத்திற் கொள்கிறோம். ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுப்பகுதி அத்தகையதன்று. அங்குள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 280 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதுவும் ஓராண்டு கொட்டும், பின் சில ஆண்டுகள் பொய்த்துவிடும். ஆயினும் மண்ணுக்கேற்ற தாவரம் அங்கங்கே நிலைபெற்றிருக்கக் காண்கிறோம்.

செம்மண் சமவெளிகளில் மல்கா என்னும் மரம் தோப்புத் தோப்பாக நிற்கிறது. இது நம் வேல மரத்திற்கு உறவு. இதன் கிளைகள் மேல்நோக்கிச் சாய்ந்திருத்தலால், சிறு மழையும் கிளைவழி வழிந்து அடிமரத்தை அடைந்து வேரை நனைக்கிறது. புனல் வைத்து நீர் வார்ப்பது போன்ற இவ்வேற்பாட்டை எத்துணை வியந்தாலும் தகும். மணற்பாங்கான இடங்களில் ஸ்பினிஃபெக்ஸ் என்னும் கூரிய புல் குவியல் குவியலாக வளர்கிறது. மாடுகள் அதனை விரும்பி மேய்வதில்லை. பிசின் மிகுந்ததாகையால் தீ எளிதிற் பற்றும். அப்பிசினைப் பழங்குடி மக்கள் கருவிகளை ஒட்டப் பயன்படுத்தி வந்தனர். தெற்கே உவர்நிலங்களில் உப்புச்செடிகள் உண்டு. ஆடுகள் அவற்றை மேயும். பெரும்பாலும் வறண்டே கிடக்கும் ஆற்றுப்படுகைகளிலோ, தைல மர இனத்துப் பெருமரங்கள் நிலத்தடி நீரைப் பருகி நெடுங்காலம் வாழ்கின்றன.

இனி அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மல்கா கடுந்தீயைத் தாங்காது. மரங்களுக்கிடையே கிடந்த வெற்றுத் தரையே அதற்குக் காப்பாக இருந்தது. அத்தரையை இன்று மூடிவரும் புல் எது? காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடுகளில் நாம் போற்றி வளர்க்கும் கொழுக்கட்டைப் புல்லே! 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணங்களின் திணிப்போடு அதன் விதை அங்கே போய்ச் சேர்ந்தது என்பர். பின்னர் மேய்ச்சலுக்காகவும், 1960-களில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சூழ்ந்த புழுதியை அடக்குவதற்காகவும் வேண்டுமென்றே விதைத்தனர். புழுதி அடங்கியது, மாடும் கொழுத்தது. ஆனால் ஆற்றோரங்களில் செழித்துக் காய்ந்த அப்புல்லில் தீப்பிடித்தால், முன்பு தீ அரிதாகவே எட்டிய முதுமரங்களும் எரிகின்றன. எரிந்த இடத்தில் முதலில் தழைப்பதும் அப்புல்லே.

தெற்கு ஆஸ்திரேலியா 2015-லும், வடக்குப் பிரதேசம் 2024-லும் அதனைக் களையென அறிவித்தன. கால்நடை வளர்ப்போர் பலர் அதனை இன்னும் நல்ல தீவனம் என்றே கருதுகின்றனர். தன்னார்வலர்களோ பழைய மரங்களின் அடியில் அதனை வேரோடு கொத்தி எடுத்துவருகின்றனர்.