பித்தளை ரிங் கேட்கும் ஆயில்

கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து, பேரிங், சீல், சிங்க்ரோ ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு மறுபடி ஏற்றுவது சின்ன வேலை இல்லை. பழைய ஜீப்போ அம்பாசிடரோ மாருதியோ, எதுவானாலும் உதிரிபாகத்துக்கும் கூலிக்கும் நல்ல செலவு பிடிக்கும். இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் ஊற்றுகிற ஆயிலை மட்டும் “கியர் ஆயில் ஒண்ணு குடுங்க” என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்கி வந்துவிடுகிறோம். பிறகு மூன்றாவது கியர் விழும்போது கரகரத்தால் மெக்கானிக்கைக் கேட்கிறோம், உதிரிபாகத்தைக் குறை சொல்கிறோம். ஆயிலை யாரும் சந்தேகிப்பதில்லை. இந்த விஷயத்தில் நம்மிடையே உலவும் நம்பிக்கைகள் சில பழைய வண்டிகளை வீணாகக் கெடுப்பதால், அவற்றைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை: ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4-ஐ விட உயர்ந்தது. அதை ஊற்றினால் நல்லதுதானே?

இருப்பதிலேயே அதிகச் சேதம் செய்யும் நம்பிக்கை இதுதான். ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் கியர் ஆயில்களை வகைப்படுத்தி வைத்த எண்கள் இவை. எந்த ஆயில் எந்த வேலைக்கு என்று சொல்வதுதான் இவற்றின் நோக்கம். எண் கூடினால் தரம் கூடும் என்றால் இன்று எல்லோரும் ஜிஎல்-6 அல்லவா வாங்க வேண்டும்? அப்படியும் ஒரு வகை இருந்து வழக்கொழிந்துவிட்டது.

ஜிஎல்-5 பிறந்தது பின் அச்சில் இருக்கும் கிரவுன்-பினியனுக்காக. ஹைப்பாய்டு வகைக் கிரவுனில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி வழுக்கிக்கொண்டே சுழலும். அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் நிற்காது. அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானத்தை ஜிஎல்-4-இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்க்கிறார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் அது இரும்போடு வினைபுரிந்து மெல்லிய பூச்சு ஒன்றை உண்டாக்கும். தேய வேண்டிய நேரத்தில் பல்லுக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேயும். கிரவுனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கியர்பாக்ஸில் கதை வேறு. ஒரு சிங்க்ரோ ரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அது பித்தளை அல்லது வெண்கலம். உள்பக்கம் லேசாகக் கூம்பி, மறை வெட்டியது போல நுண்ணிய வரிகள் ஓடும். நாம் கம்பியைத் தள்ளும்போது இந்த ரிங் கியரின் கூம்பில் போய் அழுந்துகிறது. வரிகள் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து உலோகத்தைப் பற்றுகின்றன. இரண்டின் வேகமும் ஒன்றான பிறகுதான் ஸ்லீவ் நகர்ந்து கியர் விழுகிறது. எல்லாம் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். புது ரிங்கைக் கூம்பில் வைத்துக் கையால் அழுத்தித் திருப்பிப் பார்ப்பது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வழக்கம். அது கடித்துப் பிடிக்க வேண்டும், சுற்றக் கூடாது. ஆக, பெட்டிக்குள் மற்ற இடமெல்லாம் வழுக்க வேண்டும், இந்த ஓர் இடத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். கிரவுனுக்காகச் செய்த ஆயில் இங்கேயும் வழுக்கிவிடும். ரிங் பற்றாமல் சறுக்கும், பற்கள் மோதும், கரகரக்கும்.

ஜிஎல்-5 ஊற்றிய மறுநாளே பித்தளையை அரித்துத் தின்றுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அது பாதி உண்மை. கந்தகம் சூட்டில் செம்போடு சேரும், கறுக்கும், அந்தக் கறுத்த படலம் உதிரும். பழைய தயாரிப்புகளில் இது பெரிய தொல்லையாகவே இருந்தது. இப்போது நல்ல ஆயில்களில் அவ்வளவு எளிதில் வினைபுரியாத கந்தகச் சேர்மானங்களைப் போடுகிறார்கள். மெருகேற்றிய செம்புத் தகட்டைச் சூடான ஆயிலில் சில மணி நேரம் முக்கி வைத்து, நிறம் எவ்வளவு மாறியது என்று பார்ப்பதுதான் இதற்கான சோதனை. அதில் தேறும் ஜிஎல்-5 ஆயில்கள் நிறைய. ஆனால் அந்தத் தகட்டுச் சோதனை அரிப்பைத்தான் பார்க்கிறது, பிடிப்பைப் பார்ப்பதில்லை. டப்பாவில் ‘ஜிஎல்-4, ஜிஎல்-5’ என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிங்க்ரோ உள்ள கியர்பாக்ஸுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

விதிவிலக்கு உண்டு. சுபாரு போன்ற வண்டிகளில் முன் சக்கரத்துக்கான ஹைப்பாய்டு கிரவுன் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது; அதே ஆயிலில்தான் அதுவும் ஓடுகிறது. அங்கே ஜிஎல்-5 என்று கம்பெனியே சொல்வதும் அதனால்தான். மாருதி 800 போல எஞ்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் வண்டியில் ஹைப்பாய்டே கிடையாது. அதற்கு ஜிஎல்-5 தேட ஒரு காரணமும் இல்லை.

நம்பிக்கை: நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி.

“ஒன் ஃபார்ட்டி ஊத்துங்க, சத்தமே வராது” என்பார்கள். சத்தம் குறையும் என்பது உண்மை. தேய்ந்த பேரிங்கின் முனகலைக் கெட்டி ஆயில் மூடி மறைக்கும். புதிதாக வேலை பார்த்த பெட்டியில் மறைக்க என்ன இருக்கிறது? ஆயில் கெட்டியாக இருந்தால் ரிங்கின் வரிகளால் படலத்தைக் கிழிக்க முடியாது. கியர்களுக்கு அடியில் உள்ள ஊசி பேரிங்குகளுக்குச் சிறு துளைகள் வழியாகப் போக வேண்டிய ஆயிலும் தாமதமாகவே போய்ச் சேரும். ஊட்டியில் மார்கழிக் காலையில் இரண்டாவது கியர் அடம்பிடித்தால் ஆயிலின் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எண்களிலும் ஒரு குழப்பம். கியர் ஆயிலின் 90, எஞ்ஜின் ஆயிலின் 40-ஐப் போல இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறோம். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 100 டிகிரி சூட்டில் எஞ்ஜின் ஆயில் 40-இன் கெட்டித்தன்மை 12.5-இலிருந்து 16.3 சென்டிஸ்டோக் வரை. கியர் ஆயில் 90 தொடங்குவது 13.5-இல். கிட்டத்தட்ட ஒன்றுதான். 140 தொடங்குவதோ 24-இல்.

நம்பிக்கை: சிவப்பு ஆயில் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும்தான்.

முஸ்டாங், கமாரோ கார்களில் வந்த போர்க்-வார்னர் டி-5 கியர்பாக்ஸின் ‘வேர்ல்டு கிளாஸ்’ வகை கையால் கியர் மாற்றுவதுதான். ஆனால் அது கேட்பது ஆட்டோமேட்டிக்குக்கான ஏடிஎஃப் ஆயிலை. காரணம் அதன் ரிங்கில் ஒட்டியிருக்கும் நார்ப்பூச்சு. ஹோண்டா பல காலம் தன் மேனுவல் கியர்பாக்ஸுக்கு எஞ்ஜின் ஆயிலையே சொல்லி வந்தது, பிறகுதான் தனி ஆயில் கொண்டுவந்தது. அதற்காக 90 கேட்கும் பெட்டியில் ஏடிஎஃப் ஊற்றிவிடாதீர்கள். 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை 7 சென்டிஸ்டோக் அளவுதான், 90-இல் ஏறக்குறைய பாதி.

பிரித்து மாட்டிய பெட்டிக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. கம்பெனிப் புத்தகம் சொல்லும் ஆயில், கம்பெனி போட்ட ரிங்குக்கானது. வேலை பார்த்தவர் நார்ப்பூச்சு ரிங் கிடைக்காமல் பித்தளை ரிங் போட்டிருக்கலாம். பித்தளை இருந்த இடத்தில் வேறு பூச்சுள்ளது வந்திருக்கலாம். அப்போது புத்தகத்தை மட்டும் நம்ப முடியாது. பெட்டியை மூடுவதற்கு முன்பே என்ன ரிங் போடுகிறார் என்று கேளுங்கள். பழைய ரிங்குகளையும் புது ரிங் வந்த அட்டைப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிங் செய்த கம்பெனி சொல்லும் ஆயில்தான் கடைசி வார்த்தை.

நம்பிக்கை: ஒரு டப்பா அடிட்டிவ் ஊற்றினால் கியர் வெண்ணெயாக விழும்.

டெஃப்லான், மாலிப்டினம் என்று எதைச் சேர்த்தாலும் அது உராய்வைக் குறைக்கத்தான் செய்யும். ரிங் உயிர் வாழ்வது உராய்வில். வேண்டாம்.

நம்பிக்கை: புது ஆயில் ஊற்றியாச்சு, இனி 50,000 கிலோமீட்டருக்குத் தொட வேண்டாம்.

புது ரிங்கும் புது பேரிங்கும் ஒன்றோடொன்று பழகும்போது நுண்துகள் உதிரும். முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் வடித்துவிடுவது நல்லது. சமதரையில் நிறுத்தி, வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிக் கழலாமல் போனால், வடித்த வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருக்கும், அது இயல்பு. சில்லு சில்லாக இரும்பு ஒட்டியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பித்தளையைக் காந்தம் பிடிக்காது. அதை ஆயிலில்தான் தேட வேண்டும். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முதல் முறை பொன் நிறத்தில் லேசாக மினுமினுத்தால் கவலை இல்லை. இரண்டாம் முறையும் அதே மினுமினுப்பு இருந்தால், கியர் நன்றாக விழுந்தாலும் சரி, ஆயில் பொருத்தம்தானா என்று அப்போதே விசாரியுங்கள். ரிங்கில் வரி மிச்சமிருக்கும்போதே சரியான ஆயிலுக்கு மாறினால் பெட்டியை மறுபடி இறக்காமல் தப்பிக்க வாய்ப்புண்டு.