ஒன்றும் செய்யாத நாய்களைப் பற்றி எழுதுவது

குலசேகரம்

அன்புள்ள மக்களே,

உன் கடிதம் கிடைத்தது. நீ ஞாயிறுதோறும் போகிற காப்பகத்தில் இந்த மழைக்காலத்தில் கிழட்டு நாய்கள் அடுத்தடுத்து இறந்துபோனதை எழுதியிருந்தாய். அவற்றைப் பற்றி நாலு வரி எழுதிச் சுவரில் மாட்டும் பொறுப்பை உன்னிடம் தந்திருக்கிறார்கள். “அதுக பெருசா ஒண்ணும் செய்யலியே மாமா. வந்துச்சு, தின்னுச்சு, தூங்குச்சு, போயிட்டு. என்னத்த எழுத?” என்று கேட்டிருக்கிறாய். கால்நடை மருத்துவமனையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நான் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

நாய்க்குப் பெயர் பொறித்து நினைவு வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்காக நட்ட கல். அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்தது என்று கல்வெட்டு சொல்கிறது. கர்நாடகத்து ஆதக்கூரில் இன்னொரு கல், 10ஆம் நூற்றாண்டு. நம் தக்கோலத்தில் நடந்த போருக்குப் பிறகு இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடமிருந்து மணலேரன் என்ற வீரன் கேட்டு வாங்கிய வேட்டைநாய் காளி. அது காட்டுப்பன்றியோடு மோதியதில் இரண்டும் செத்தன. காளிக்குக் கல் நட்டு, அந்தக் கல்லின் பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லை இப்போதும் பெங்களூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஆனால் கோவிவனும் காளியும் சண்டையில் பெயர் வாங்கியவை. ஜப்பானில் சிலை வைத்தார்களே ஹச்சிகோ, அதுகூட இறந்துபோன எஜமானுக்காக ரயில் நிலையத்தில் வருடக்கணக்கில் காத்திருந்ததால்தான் ஊருக்குத் தெரிந்தது. நமக்காக எதையாவது செய்த நாய்க்குத்தான் கல் என்பது பழைய கணக்கு. உன் கையில் இருப்பவை அந்தக் கணக்கில் வராதவை. அதனால்தான் உனக்குப் பேனா ஓடவில்லை.

உனக்குப் பொருத்தமான முன்மாதிரி அதே திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தில் இருக்கிறது. போனால், லட்சுமி என்ற பசுவின் சமாதியைப் பார்க்கலாம், 1948இல் இறந்தது. மான் ஒன்றுக்கும் காகம் ஒன்றுக்கும் அங்கே சமாதி உண்டு. கூடவே ஜாக்கி என்ற நாய்க்கும். ஜாக்கி யாரையும் கடித்துக் காப்பாற்றவில்லை. மற்ற நாய்களோடு சேர்ந்து சுற்றாது. ரமணர் முன்னால் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் அதன் சாதனை. அது நோயில் விழுந்தபோது ரமணர் மெத்தென்று படுக்கை போட்டுக் கொடுத்தார். உடம்பிலிருந்து பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்கு நாற்றம் வந்த பிறகும் அதை அணைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கையிலேயே அதன் உயிர் போனதாக உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்பு, அவர் மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த நாட்களில், கமலா என்றொரு பெண் நாய். புதிதாக வருகிறவரைச் சுற்றிக் காட்டு என்று சொன்னால், சுனை, சிலை என்று ஒவ்வோர் இடமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பும். அவர் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் சின்னக் கருப்பன் என்ற நாய் இருந்தது.

கவனித்தாயா? இந்த நாய்களின் குணம் நமக்குத் தெரிகிறது. யாரோ கூடவே இருந்து பார்த்ததால் தெரிகிறது. நீ எழுத வேண்டியதும் இதைத்தான்: எங்கே படுக்கும், யாரோடு ஒட்டும், எதற்குப் பயப்படும், எந்தக் குரலுக்கு எழுந்து வரும்.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வயதைத் தாண்டுவதில்லை. வண்டி, பார்வோ வைரஸ் நோய், பட்டினி. அதைத் தாண்டி, வெறிநோய்க்கும் கல்லடிக்கும் தப்பி, முகம் நரைக்கும்வரை ஒரு நாட்டுநாய் உயிரோடு இருந்தால் அதுவே பெரிய காரியம். நம்ம ஊர் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களுக்கு முன்னால் ஓடும் நாய்களை நீ பார்த்திருக்கிறாய். பத்து வயதுக்கு மேல் அவற்றில் எத்தனை மிஞ்சுகின்றன? ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை ஓரம் படுத்துக் கிடக்கும் கிழநாயை நான் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாகத்தான் பார்ப்பேன்.

எழுதும்போது பிறந்த தேதியைத் தேடாதே. குட்டியாக இருந்தால் பல் முளைப்பதை வைத்து வயதை வாரக் கணக்கில் சொல்லிவிடலாம். வளர்ந்த நாய்க்குப் பல் தேய்மானம், நரை, கண் இவற்றை வைத்துச் சொல்வது உத்தேசம்தான். ஆகவே வந்து சேர்ந்த தேதியை எழுது, எந்த நிலையில் வந்தது என்பதை எழுது. காது நுனியில் வெட்டு இருந்தால், முன்பே யாரோ பிடித்துக் கருத்தடை செய்து விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதன் முந்தைய வாழ்க்கையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது சில சமயம் அது ஒன்றுதான். மற்றதைக் கற்பனையால் நிரப்பாதே. அடித்து விரட்டினார்கள், எஜமான் கைவிட்டார் என்று கதை கட்டினால் படிப்பவர் அழுவார், ஆனால் நாய் காணாமல் போய்விடும்.

இறந்தவற்றைப் பற்றி எழுத இவ்வளவு தடுமாறுகிறாய் என்றால், இருக்கிறபோது கவனிக்கவில்லை என்று அர்த்தம். குற்றமாகச் சொல்லவில்லை. காப்பகங்களில் குட்டிகளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், கிழங்கள் மூலையில் கிடக்கும். அதனால் மிச்சமிருப்பவற்றை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணில் நீலம் கலந்த புகை படிந்தாற்போல் இருந்தால் பெரும்பாலும் அது வயதினால் வில்லை இறுகுவது, நாய்க்குப் பார்வை ஓரளவு இருக்கும். பால்போல் வெளுத்திருந்தால் கண்புரை. எதுவென்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பார்வை போன நாய்க்குத் தண்ணீர்ச் சட்டியை இடம் மாற்றாதே, அது மனதில் வரைபடம் வைத்திருக்கிறது. வழவழப்பான தரையில் பின்னங்கால் வழுக்கும், சாக்கு விரி. எழுந்திருக்க முடியாததைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வை, இல்லையென்றால் இடுப்பெலும்பு அழுந்திப் படுக்கைப்புண் வந்துவிடும். ராத்திரி காரணமில்லாமல் ஊளையிட்டு, சுவர் மூலையில் முகத்தை வைத்து நின்றால் திமிர் என்று நினைக்காதே. மனிதருக்கு வருகிற மறதிநோய் போன்ற ஒன்று நாய்க்கும் வரும். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் ஐபுபுரூஃபனையோ பாரசிட்டமாலையோ கொடுத்துவிடாதே, சிறுநீரகமோ கல்லீரலோ போய்விடும். வெறிநோய்த் தடுப்பூசியை, கிழநாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

கடைசிக் கட்டத்தில் கருணை ஊசியைப் பற்றிய பேச்சு வரும். தின்பதை நிறுத்தி, தீராத வலியில் கிடந்து, மருத்துவரும் இனி மீளாது என்று சொன்னால், அதை மறுத்து இழுத்துக்கொண்டிருப்பதை நான் அன்பு என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் அதற்குப் பழகிய ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். புதைக்கும்போது கிணற்றை விட்டுத் தள்ளி, ஆழமாகத் தோண்டச் சொல். நம்ம பக்கத்து மழையில் மேலோட்டமான குழி நிற்காது.

கிழநாய்களைப் பார்த்துக்கொள்வது உங்கள் காப்பகத்தோடு நிற்கிற விஷயமில்லை. 1959இல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964 முதலே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யச் சொல்லிக்கொண்டிருந்தது. பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடுவது என்பது 2001இல் நாடு முழுவதற்கும் விதியாயிற்று. 2025 நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிள்ளைகள் கடிபடக்கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உள்ளே போகிற நாய் உள்ளேயேதான் கிழடாகும். கூண்டும் தட்டும் கணக்குப் போடுகிறவர்கள், அதன் பத்தாவது வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே உன்னைப்போல் பெயர் எழுத ஒருவரும் வேண்டும்.

சுவரில் மாட்டுவதை இரண்டு வாரம் தள்ளிப் போடு. கூட்டிப் பெருக்குகிற அக்காவிடம் போய் உட்கார்ந்து, இறந்தவை ஒவ்வொன்றைப் பற்றியும் கேள். உனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு நோட்டு வாங்கி, அவர் சொல்வதை அவர் வாய்மொழியிலேயே எழுது. அதே நோட்டின் மறுபக்கத்தில், உயிரோடு இருக்கிற கிழநாய்களுக்கு ஆளுக்கொரு பக்கம் இந்த ஞாயிறே தொடங்கிவிடு. எழுதியதை எனக்கும் அனுப்பு.

உன் மாமன்