வாயுதானே?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் சாச்சியின் குழந்தை 30 வாரத்தில் பிறந்தது. பத்தாம் நாள் வயிறு ஊதி, மலத்தில் இரத்தம் தெரிந்தது. எக்ஸ்றே பார்த்த டொக்டர், குடல் சுவருக்குள் வாயு இருப்பதாகச் சொன்னார். வெள்ளவத்தையில் எங்கள் மூத்தம்மா, "வாயுதானே? ஓமத் தண்ணி குடுத்தா சரியாகும்" என்றார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

குடலுக்குள் வாயு இருப்பது இயல்பு. சுவரின் படைகளுக்குள் அது புகுவதை 'நியுமற்றோசிஸ்' என்பர். 1730இல் டுவெர்னுவா இதை விவரித்தார். இது தனி நோயன்று, ஓர் அடையாளம். பெரியவர்கள் சிலரில் தீங்கின்றியும் காணப்படும். ஒட்சிசன் கொடுக்கச் சிலருக்குக் குமிழிகள் மறையும். குறைமாதக் குழந்தையிலோ அது குடல் இழையம் அழிவதன் எச்சரிக்கை. முதிராத சுவருக்குள் பற்றீரியாக்கள் புகுந்து ஐதரசன் வாயுவை உண்டாக்குகின்றன.

உடனே பாலை நிறுத்தி, நாளம் வழியே ஊட்டமும் நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்தார்கள். தாய்ப்பால் இந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதால், பால் வற்றிவிடாமல் சாச்சி தினமும் எடுத்துச் சேமித்தார். சில நாட்களின் பின் அதையே துளித்துளியாகக் கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை வீடு வந்துவிட்டது.

தாய்மாரே, பச்சிளங் குழந்தைக்கு வயிறு ஊதி, பச்சை நிற வாந்தியோ மலத்தில் இரத்தமோ கண்டால் ஓமத் தண்ணீரைத் தேடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.